மல்லோரியின் கடைசிக் குறிப்பு

சொற்களோடு பத்தாண்டு வாழ்ந்த நம் வட்டத்தில், ஒருவரின் இறுதிச் சொற்களைப் பற்றிப் பேச விழைகிறேன்.

எவரெஸ்டில் ஏன் ஏற வேண்டும் என்றதற்கு, 'அது அங்கே இருப்பதால்' என்று ஜார்ஜ் மல்லோரி விடையிறுத்ததாக 1923-இல் நியூயார்க் நாளேடொன்று எழுதிற்று. உலகம் போற்றுவது அதனையே. ஆனால் 1924 ஜூன் 7 அன்று தோழர் ஓடெலுக்கு அவர் எழுதியனுப்பியது வேறு: கூடாரத்தை அலங்கோலமாக விட்டுவந்ததற்கு வருத்தம், அடுப்பு சரிவில் உருண்டுபோயிற்று, திசைகாட்டியை மறந்துவிட்டேன், எடுத்து வையுங்கள்.

மறுநாள் அவரும் இர்வினும் மேலேறக் கண்டவர் ஓடெல். இருவரும் திரும்பவில்லை. 1999 மே 1-இல் மல்லோரியின் உடல் கிடைத்தது. பனிக்கண்ணாடி சட்டைப்பையில் இருந்தது. ஆகவே இருட்டியபின் இறங்குகையில் விழுந்தார் என்பர் சிலர். சிகரத்தில் வைக்க எண்ணிய மனைவியின் படம் உடலில் இல்லை. ஆகவே உச்சியைத் தொட்டார் என்பர். மறுப்போரும் உளர். வழக்கு முடியவில்லை.

காசிமேட்டில், கடலுக்குப் போனவர் கரை சேராத வீடுகளிலும் இதே வினாதான்: போகையிலா, வருகையிலா? அங்கே நினைவில் நிற்பது வீரமொழியன்று. 'கதவைச் சாத்திக்கொள்' என்பது போன்ற ஒரு சொல்லே.

கவிஞர்களே, முழக்கங்களைப் பிறர் காப்பர். உருண்டுபோன அடுப்பை நாம் காப்போம்.