மறைவிடத்து மருவும் மருத்துவமும்



இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் சற்றுக் கூச்சம் தருவது. ஆயினும், கூச்சத்தால் துன்பப்பட்டவர்களைக் கண்ட பிறகு பேசாதிருப்பது முறையன்று. பிறப்புறுப்பிலும் ஆசனவாயைச் சுற்றியும் தோன்றும் மருக்களையும், அவற்றை அகற்றும் மருத்துவத்தையும் பற்றியதே இவ்வுரை.

தோட்டப் பள்ளி ஆசிரியர்களாகிய எங்களிடம், மருந்துத் தாளைப் படித்துச் சொல்லும்படி பலர் வருவதுண்டு. அப்படி ஒருநாள் வந்தவர், முன்பு எங்களிடம் படித்த இளைஞர். மணமாகி ஓராண்டு ஆகியிருந்தது. மறைவிடத்தில் நாலைந்து மருக்கள் கண்டிருக்கின்றன. கழுத்து மருவுக்கு வைப்பதுபோல் சுண்ணாம்பும் சவர்க்காரமும் குழைத்துத் தடவிவிட்டார். மரு போகவில்லை, சுற்றியிருந்த மெல்லிய தோல் வெந்து புண்ணாகிவிட்டது. “டாக்டரிடம் இதை எப்படி சார் காட்டுவது?” என்று தலைகுனிந்து நின்றார்.

நேயர்களே, இந்த மருவுக்குக் காரணம் எச்.பி.வி. என்னும் வைரஸ் கிருமி. அதில் பல வகைகள் உண்டு. நூற்றுக்குத் தொண்ணூறு மருக்களுக்கு 6ஆம், 11ஆம் வகைகளே காரணம். உடலுறவின்போது தோலோடு தோல் உரசுவதால் இது தொற்றுகிறது. தொற்றிய சில வாரங்களிலோ, மாதங்களிலோ, சிலருக்கு ஆண்டுகள் கழித்தோகூட மரு வெளிப்படலாம். ஆகவே, இன்று மரு கண்டது என்பதற்காகக் கணவன் மனைவியையோ, மனைவி கணவனையோ சந்தேகித்துக் குடும்பத்தைக் குலைத்துக்கொள்ளலாகாது.

முதலில் செய்ய வேண்டியது, மருத்துவரிடம் காட்டி அது மருதானா என்று அறிவது. சிபிலிஸ் என்னும் மேகநோயிலும் இதே போன்ற தடிப்புகள் உண்டாகும். அதற்கு வேண்டிய மருந்து வேறு.

மருவென்று உறுதியானபின் சிகிச்சை இருவகைப்படும். ஒன்று, மருத்துவர் எழுதிக் கொடுக்க, நாமே வீட்டில் தடவுவது. போடோபிலோடாக்சின் என்னும் மருந்தைக் காலை, மாலை இருவேளையும் மூன்று நாள் தடவி, நான்கு நாள் நிறுத்த வேண்டும். இவ்வாறு நான்கு சுற்று வரை செய்யலாம். இமிகிமோட் என்னும் களிம்பு உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டுவது. வாரத்தில் மூன்று இரவுகள் தடவிக் காலையில் கழுவிவிட வேண்டும். 16 வாரம் வரை பொறுமை தேவை. கர்ப்பிணிகள் இவ்விரண்டையும் தாமாகத் தொடவே கூடாது.

மற்றொன்று, மருத்துவமனையில் செய்வது. சுழியத்துக்குக் கீழே 196 பாகை குளிர்ச்சியுள்ள திரவ நைட்ரஜனைத் தொட்டு வைத்தால் மரு உறைந்து, கொப்புளித்து, சில நாளில் உதிரும். ஒருமுறையில் தீராவிடில் ஓரிரு வாரங்கள் கழித்து மீண்டும் செய்வார்கள். டிரைகுளோரோஅசிட்டிக் என்னும் அமிலத்தை மருவின்மீது மட்டும் வைத்துக் கரிப்பதும் உண்டு. கர்ப்பிணிகளுக்கு இவ்விரு முறைகளும் ஏற்றவை. மரு பெரிதாகவோ மிகுதியாகவோ இருந்தால், மரத்துப்போக ஊசி போட்டு, மின்சூட்டாலோ கத்தியாலோ லேசர் ஒளியாலோ அகற்றுவார்கள்.

கால் ஆணிக்குக் கடையில் விற்கும் மருந்தை இங்கே தடவலாமா என்று கேட்பார்கள். கூடவே கூடாது. பாதத்தின் தடித்த தோலுக்கு ஆனது, இந்த மெல்லிய தோலைப் புண்ணாக்கிவிடும்.

ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். இம்முறைகள் மருவை நீக்குமேயன்றி, கிருமியை அடியோடு நீக்குவதில்லை. முதல் மூன்று மாதங்களில் பலருக்கு மரு திரும்பவும் தோன்றும். மருத்துவம் பலிக்கவில்லை என்று மனம் தளராமல் மறுபடியும் செல்ல வேண்டும். நாளடைவில் உடலே பெரும்பாலும் கிருமியை அடக்கிவிடும். சிகிச்சை முடியும்வரை உடலுறவைத் தவிர்ப்பது நல்லது. ஆணுறை தொற்றைக் குறைக்கும், முற்றிலும் தடுக்காது.

6ஆம், 11ஆம் வகைகள் புற்றுநோய் உண்டாக்குவது மிக அரிது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் காரணமானவை 16ஆம், 18ஆம் வகைகள். ஆகவே மரு உள்ளவரானாலும் இல்லாதவரானாலும், பெண்கள் அதற்குரிய பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. நம் நாட்டில் 13 வயது மாணவியருக்கு எச்.பி.வி. தடுப்பூசித் திட்டம் 2010ஆம் ஆண்டில் தொடங்கியது. நான்கு வகை, ஒன்பது வகைக் கிருமிகளைத் தடுக்கும் ஊசிகள் மருவையும் தடுக்கும். ஆனால் வந்துவிட்ட மருவை எந்த ஊசியும் போக்காது. பள்ளியிலிருந்து சம்மதப் படிவம் வந்தால், பெற்றோர் அதை ஒதுக்கி வைக்காமல் படித்துப் பார்க்க வேண்டும்.

அந்த இளைஞர் பின்னர் கிளினிக்குக்குச் சென்றார். முதலில் புண்ணை ஆற்றினார்கள். பிறகு மூன்று முறை உறையவைத்து மருவை அகற்றினார்கள். மனைவியையும் அழைத்துச் சென்று காட்டினார். “டாக்டர் ஒன்றுமே தப்பாகக் கேட்கவில்லை சார்” என்றார். மருவைவிட அவரை அதிகம் வருத்தியது அந்த அச்சமே. அந்த அச்சம் நம்மில் எவருக்கும் வேண்டாம்.