ஓர் உடற்கூற்றுச் சொல்லும் நம் புணர்ச்சி இலக்கணமும்



கவிஞர் நிறைந்த அவையில் கழுத்துத் தசை ஒன்றைப் பற்றிய உரை எதற்கு எனச் சிலர் எண்ணக்கூடும். அத்தசையின் பெயர் யாப்பறிந்தோர் ஆராய வேண்டிய சொல். தலையை ஒருபுறம் திருப்பினால் மறுபுறக் கழுத்தில் கயிறுபோல் புடைத்து நிற்பது அது. ஆங்கிலத்தில் ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்டு. கருங்குழிப் பக்கத்துப் பள்ளிகளில் தமிழ்வழி பயின்று, 1965இல் தொடங்கப்பெற்ற செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரிக்குச் செல்லும் மாணவர்க்கு இச்சொல் மனப்பாடச் சுமையாகவே வந்து சேர்கிறது.

அதன் உறுப்புகள் கிரேக்கம். ஸ்டெர்னோன் என்பது மார்பெலும்பு. கிளெய்ஸ் என்பது சாவி, அதன்வழிக் காறையெலும்பு. மாஸ்டாய்டு என்பது முலை போன்ற வடிவினது. இங்கே காதின் பின்னுள்ள எலும்புப் புடைப்பு. முன்னிரண்டில் தோன்றி மூன்றாவதில் சென்று பொருந்துகிறது தசை. இடையில் இருமுறை வரும் ஓகாரம் நம் சாரியை போன்றதோர் இணைப்பொலி.

ஆங்கில ஒலிப்பில் இச்சொல் ஆறசை. தலைமை அழுத்தம் ‘மாஸ்’ மீது. ஸ்டெர், கிளை, டாய்டு ஆகியவற்றின் மீது சிற்றழுத்தம். ஒவ்வோர் உறுப்பின் முதலொலியும் எழ, இணைப்பொலி தாழ்கிறது. செவியே சொல்லைப் பிரித்துத் தந்துவிடுகிறது. தமிழ் எழுத்தில் பெயர்த்தவுடன் அவ்வழுத்தம் மறைகிறது. நம் யாப்பு குறில் நெடிலால் அளப்பது. ஈற்றுகரம் சேர ஏழசையாகி, ‘கிளை’ ஒன்று மட்டும் நிரையாக, ஏனைய யாவும் நேராகின்றன. வெறும் ஒட்டாக வந்த ‘னோ’வும் ‘டோ’வும் உறுப்புகளுக்கு நிகராக நிமிர்ந்து நிற்கின்றன. (‘கிளை’ என்றதும் மரத்தை நினைக்கும் மாணவரைக் குறைகூற எவரால் இயலும்?)

இச்சுமையை இறக்க முயன்றவர் உண்டு. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் 1864இல் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். கிரே எழுதிய உடற்கூற்று நூல் 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என வெளிவந்தது.

இன்று அத்தசையை ‘மார்புகாறைச்செவிப்புறத்தசை’ எனலாம். நீளம் குறையவில்லை, ஆயினும் பொருள் வெளிப்படுகிறது. கிரேக்க ஓகாரம் இரண்டு ஒட்டுகளையும் ஒரே வகையாகக் காட்டுகிறது. தமிழ் அவ்வாறு விடுவதில்லை. மார்பும் காறையும் என்பது உம்மைத்தொகை. ஆதலின் வல்லினம் மிகவில்லை. காறையை அடுத்துச் சகர ஒற்று மிகுந்தது வேற்றுமைப் பொருளால். அங்கிருந்து செவிப்புறத்துக்கு என்பது அதன் கருத்து. தசை தோன்றுமிடம் எது, சேருமிடம் எது என்பதைப் புணர்ச்சியே சொல்லிவிடுகிறது. அச்சுக்கோப்பவர் மறதியாக ‘மார்புக்காறை’ எனக் ககர ஒற்றொன்றைச் சேர்த்துவிட்டால் இரண்டு எலும்புகள் ஒன்றாகிவிடும். தசைக்கு ஒரு வேர் அறுந்துபோம்.