வெயிலைத் தேடி வருமுன் போட வேண்டிய கணக்கு

(அக்டோபர் 1, உலக முதியோர் தினத்தன்று நம் குடியிருப்பு அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



நவம்பரில் கொடுக்க வேண்டிய லைஃப் சர்டிபிகேட்டைப் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொல்லித்தான் செயலாளர் என்னைக் கேட்டார். அதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், போன இரண்டு மாதத்தில் நம் குடியிருப்பில் மூன்று பேர் என்னிடம் கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். "இங்கிலாந்தில் இருக்கிற என் தம்பிக்குக் குளிர் ஒத்துக்கவில்லை, ரிட்டயர் ஆனதும் இங்கேயே வந்துவிடலாமா என்று கேட்கிறான்." "அமெரிக்காவில் இருக்கிற அக்காவுக்கு மூட்டு வலி, நம்ம ஊர் வெயிலுக்குச் சரியாகுமா?" இப்படி.

நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் இதைச் செய்து பார்த்த ஒருவரை ஒன்பது வருடமாகப் பக்கத்தில் இருந்து பார்த்து வருகிறேன். என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன். நம் பி பிளாக்கில்தான் இருக்கிறார். இப்போது இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். "என்னைப் பத்திச் சொல்லு தம்பி, பேரை மட்டும் போடாதே" என்று அனுமதி கொடுத்திருக்கிறார்.

அண்ணன் 1978இல் இங்கிலாந்து போனார். பர்மிங்காமில் 38 வருடம் வேலை பார்த்தார். அந்த நாட்டுக் குடியுரிமையும் வாங்கிவிட்டார். ஐம்பது வயதுக்கு மேல் மூட்டுவாதம் வந்தது. அங்கே டிசம்பரில் பகல் வெளிச்சமே எட்டு மணி நேரம்தான். குளிர்காலம் வந்தால் விரல்கள் மடங்காது. காலையில் சட்டைப் பொத்தானை அண்ணிதான் போட்டுவிடுவார். கூடவே நெஞ்சுச் சளி. குளிரில் ரத்தக் குழாய் சுருங்கும், அதனால் ரத்த அழுத்தமும் ஏறும். 2016இல் 65 வயது முடிந்து பென்ஷன் தொடங்கியதும், சில மாதத்தில் வீட்டை விற்றுவிட்டு இங்கே வந்துவிட்டார்கள்.

வெயில் வேலை செய்ததா? செய்தது. வந்த மூன்றாம் மாதம் அவரே பொத்தான் போட்டுக்கொண்டார். எழுந்ததும் ஒரு மணி நேரம் பிடித்துக்கொண்டிருந்த விரல், பத்து நிமிடத்தில் விட ஆரம்பித்தது. ஆனால் ஒன்று: மூட்டுவாத மருந்து ஒரு நாளும் நிற்கவில்லை. வெயில் வலியையும் விறைப்பையும் குறைத்தது, நோயை எடுத்துவிடவில்லை. இதை முதலில் மனதில் வையுங்கள்.

இனி மூன்று கணக்கு சொல்கிறேன்.

முதலாவது பென்ஷன். பிரிட்டிஷ் அரசு பென்ஷன் வருடா வருடம் ஏப்ரலில் உயரும். ஆனால் யார் எந்த நாட்டில் குடியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அந்த உயர்வு உண்டு, அல்லது இல்லை. ஸ்பெயினில் போய்க் குடியேறினால் உண்டு. அமெரிக்காவில் உண்டு. பிலிப்பைன்ஸ், மொரீஷியஸில்கூட உண்டு. இந்தியாவில் இல்லை, இலங்கையில் இல்லை, கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இல்லை. வந்த அன்று என்ன தொகையோ, அதுவே கடைசி வரை.

அண்ணன் வந்த 2016இல் முழு பென்ஷன் வாரத்துக்கு 155 பவுண்டு 65 பென்ஸ். 2025 ஏப்ரலில் அங்கே அது 230 பவுண்டு 25 பென்ஸ் ஆகிவிட்டது. அண்ணனுக்கு இன்றும் அதே 155.65தான். 2025 கணக்குப்படி வித்தியாசம் வாரத்துக்கு 74.60. 52 வாரத்துக்கு 3,879 பவுண்டு. ஒரு பவுண்டுக்கு நூறு ரூபாய் என்று குறைத்து வைத்தாலும் வருடத்துக்கு 3 லட்சத்து 87 ஆயிரம் ரூபாய். ஒவ்வொரு ஏப்ரலிலும் இந்த இடைவெளி இன்னும் விரியும். திரும்பிப் போய் அங்கே குடியேறினால்தான் இன்றைய தொகை கிடைக்கும்.

இது அநியாயம் என்று வழக்குப் போட்டார்கள். தென்னாப்பிரிக்காவில் குடியேறிய ஆனெட் கார்சன் என்ற பெண்மணி லண்டன் வரை போராடி 2005இல் தோற்றார். பிறகு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போய், 2010இல் அங்கேயும் தோற்றார். ஒப்பந்தம் இருக்கிற நாட்டுக்கு உயர்வு, இல்லாத நாட்டுக்கு இல்லை, அது அரசின் முடிவு என்று ஆகிவிட்டது.

நம் வங்கி பென்ஷனில் அடிப்படை உயரவில்லை என்று நாம் எத்தனை வருடமாகக் குறைப்பட்டுக்கொள்கிறோம். நமக்கு அகவிலைப்படியாவது கூடுகிறது. அண்ணனுக்கு அதுவும் இல்லை. வரும்போது இது தெரியுமா என்று கேட்டேன். "தெரியாது தம்பி. முதல் ஏப்ரல் கூடலை, லேட்டா வரும்னு நினைச்சேன். ரெண்டாவது ஏப்ரல்லதான் போன் போட்டுக் கேட்டேன்" என்றார்.

இரண்டாவது வைத்தியம். அங்கே டாக்டரைப் பார்க்கக் காசு கிடையாது. ஆனால் அது அங்கே குடியிருப்பவர்களுக்கான உரிமை. நிரந்தரமாகக் கிளம்பிவிட்டால் அதோடு முடிந்தது. ஸ்பெயினுக்குப் போகிற பென்ஷன்காரருக்கு எஸ்-1 என்று ஒரு படிவம் கொடுக்கிறார்கள். அதைக் காட்டினால் அங்கே ஆகிற வைத்தியச் செலவை பிரிட்டிஷ் அரசு ஏற்கும். இந்தியாவுக்கு அப்படி எதுவும் இல்லை. அதே நோய், அதே வயது, அதே வெயிலைத் தேடித்தான் போகிறார்கள். ஸ்பெயின் போனவருக்கு இரண்டும் உண்டு, குமாரபாளையம் வந்தவருக்கு இரண்டும் இல்லை.

சரி, இங்கே இன்சூரன்ஸ் எடுக்கலாம் என்றால், 65 வயது தாண்டிவிட்டது என்று அப்போது எடுக்க முடியவில்லை. 2024 ஏப்ரல் 1 முதல்தான் அந்த வயது வரம்பை எடுத்தார்கள். அதன் பிறகு எடுத்தார். ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்க வேண்டும் என்பதால் மூட்டுவாதத்துக்கு 2027 வரை கைக்காசுதான். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. இல்லை என்பது சின்ன ஆறுதல்.

இதோடு சேர்த்து இரண்டு விஷயம். ஓ.சி.ஐ. அட்டை இருந்தால் இங்கே வசிக்கலாம், வீடு வாங்கலாம். ஆனால் விவசாய நிலமோ தோட்டமோ வாங்க முடியாது. பூர்வீகமாக வந்ததை வைத்துக்கொள்ளலாம். வாய்க்கால் ஓரமாக இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு வாங்கும் ஆசையில் வந்தவருக்கு, பத்திர எழுத்தர்தான் இதைச் சொன்னார். இன்னொன்று, நிரந்தரமாகத் திரும்பி வந்துவிட்டால் என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. கணக்குகளைச் சாதாரணக் கணக்காக மாற்ற வேண்டும். வெளிநாட்டுப் பணத்தை அப்படியே வைத்துக்கொள்ள ஆர்.எஃப்.சி. கணக்கு இருக்கிறது. எஃப்.சி.என்.ஆர். டெபாசிட்டை முதிர்வு வரை விட்டுவைக்கலாம். கிளம்பும் முன்பே ஆடிட்டரிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

மூன்றாவது, வெயிலே. அண்ணன் வருவதற்கு முன் இரண்டு முறை வந்து தங்கிப் பார்த்தார். இரண்டு முறையும் தை மாதம். தை மாதத்துக் குமாரபாளையத்தை யாருக்குத்தான் பிடிக்காது? சித்திரை வெயிலை அவர் 38 வருடமாகப் பார்க்கவே இல்லை.

2019 மே மாதம், கத்திரி வெயில். இங்கிலாந்திலிருந்து லைஃப் சர்டிபிகேட் படிவம் தபாலில் வந்திருந்தது. சாட்சிக் கையெழுத்து வாங்கித் திருப்பி அனுப்பாவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். ஒரு வங்கிக்குப் போனார். அதிகாரி இல்லை, பன்னிரண்டு மணிக்கு வாங்க என்றார்கள். காத்திருந்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு நடந்து திரும்பும்போது வழியில் மயங்கி விழுந்தார். டீக்கடைக்காரர் நிழலில் படுக்க வைத்து, அவர் போனிலிருந்தே எனக்குக் கூப்பிட்டார். ஈரோட்டுக்குக் கொண்டுபோனோம். சோடியம் குறைந்துவிட்டது, நான்கு நாள் ஆஸ்பத்திரி. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" பிரஷருக்காக அங்கே எழுதிக்கொடுத்த நீர் மாத்திரையை, அதே அளவில், வேர்வை ஊற்றுகிற ஊரிலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். குளிர் ஊருக்குச் சரியாக இருந்த அளவு இங்கே அதிகமாகிவிட்டது. கட்டிலில் படுத்துக்கொண்டு, "வெயிலுக்காக வந்தேன், வெயிலே தள்ளிருச்சு பாரு" என்றார். எனக்குச் சிரிக்க முடியவில்லை.

காற்றும் அப்படித்தான். முதலில் குடியிருந்த வீட்டை ஒட்டி விசைத்தறிக் கூடம். பஞ்சுத் தூசியில் பழைய இருமல் திரும்ப வந்தது. தறிதான் நம் ஊருக்குச் சோறு, நான் குறை சொல்லவில்லை. ஆனால் வெயில் ஊர் என்பது வேறு, நெஞ்சுக்கு நல்ல காற்று என்பது வேறு. நம் குடியிருப்புக்கு மாறிய பிறகுதான் இருமல் அடங்கியது.

ஆகவே, உங்கள் தம்பியும் அக்காவும் கேட்டால் நான் சொல்வது இதுதான். ஒன்று, பங்குனி முதல் வைகாசி வரை இங்கே தங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அது முடியாவிட்டால் வீட்டை விற்க வேண்டாம். இரண்டு, எந்த நாட்டு பென்ஷன், இங்கே வந்தால் உயருமா என்று எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். உயராது என்றால், பத்து வருடம் கழித்து அதே பணத்தில் வாழ முடியுமா என்று கணக்குப் போட வேண்டும். மூன்று, வந்த முதல் மாதமே எல்லா மாத்திரைகளையும் இங்குள்ள டாக்டரிடம் காட்ட வேண்டும், ஒவ்வொரு கோடைக்கு முன்னாலும் மறுபடி காட்ட வேண்டும். டாக்டரைக் கேட்காமல் தானாக எதையும் நிறுத்தவும் கூடாது.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். தனியாக இருக்கிற எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களின் பட்டியல் ஒன்று செக்யூரிட்டி அறையில் இருக்கட்டும். ஏப்ரல், மே இரண்டு மாதமும் காலை பதினொரு மணிக்கு யாராவது ஒருவர் கதவைத் தட்டி, "தண்ணி குடிச்சீங்களா?" என்று கேட்டால் போதும். செலவே இல்லை. அன்றைக்கு அந்த டீக்கடைக்காரர் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இன்னும் நினைக்கிறேன்.

லைஃப் சர்டிபிகேட் விஷயம்: நம் ஊர் பென்ஷன்காரர்கள் யாரும் வெயிலில் அலைய வேண்டாம். ஜீவன் பிரமாண் மூலம் முகத்தைக் காட்டி செல்போனிலேயே அனுப்பலாம். நவம்பர் முதல் வாரம் இதே அரங்கில் நானே உட்கார்ந்து போட்டுத் தருகிறேன். ஆதாரும் பி.பி.ஓ. நம்பரும் கொண்டுவாருங்கள். அண்ணனுடைய படிவத்துக்கு மட்டும் இன்னும் காகிதமும் கையெழுத்தும்தான். அதற்கு இப்போது நான் ஆட்டோவில் கூட்டிப் போகிறேன்.

இதை எழுதும்போது நேற்று அண்ணனிடம் கேட்டேன், "இவ்வளவும் தெரிஞ்சிருந்தா வந்திருப்பீங்களா அண்ணா?" கொஞ்ச நேரம் யோசித்தார். "வந்திருப்பேன். ஆனா நாலஞ்சு வருஷம் கழிச்சு, பென்ஷன் கொஞ்சம் ஏறின பிறகு வந்திருப்பேன். அங்க வீட்டையும் வித்திருக்க மாட்டேன்" என்றார். பிறகு, "வாரம் எழுபத்தி நாலு பவுண்டு இந்த வெயிலுக்கு நான் கொடுக்கிற வாடகைன்னு வெச்சுக்க. பொத்தானை நானே போட்டுக்கறேன் இல்ல?" என்றார்.

வாடகை எவ்வளவு என்று தெரிந்துகொண்டு வந்தால் வருத்தம் இருக்காது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.