நோய்த்தடுப்பின் பெயரால் நடந்த ஆட்சி

(பொதுக்கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



கொள்ளைநோய் பரவும் காலத்தில் மக்கள் இரண்டுக்கு அஞ்சுவர். ஒன்று நோய். மற்றொன்று, நோயைத் தடுக்கிறோம் என்று கூறிக்கொண்டு வாசலுக்கு வரும் அதிகாரம். 2020ஆம் ஆண்டிலும் 2021ஆம் ஆண்டிலும் கொரோனா நோய் இந்நாட்டில் பரவிய வேளையில் இவ்விரு அச்சங்களையும் நாம் ஒருங்கே அனுபவித்தோம். நோய் தணிந்தது. ஆனால் அன்று எழுந்த கேள்விகள் பல விடையின்றியே கிடக்கின்றன. இன்னொரு நோய் வருமுன் அவற்றை எடுத்துப் பேசுவது நமது கடமையாகும்.

கட்டுப்பாடே வேண்டாமென்று நாம் கூறவில்லை. இலங்கையில் 16,000க்கும் அதிகமான உயிர்களை இந்நோய் கொண்டுசென்றது. வீட்டுக்கு வீடு சென்று உழைத்த பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும், மருத்துவ மாதரையும், வைத்தியர்களையும், தாதியரையும் நாம் நன்றியோடு நினைக்கின்றோம். 2020 ஒக்டோபர் மாதத் தொடக்கம்வரை நாடு முழுவதிலும் 13 பேரே மாண்டனர். பலகாலம் கட்டியெழுப்பிய இலவச மருத்துவ சேவையும், மக்களின் பொறுமையும் அப்பெருமைக்கு உரியன. ஆனால் அப்பொறுமையை ஆட்சியாளர் எதற்குப் பயன்படுத்தினர் என்பதே நாம் கேட்கும் கேள்வி.

பாராளுமன்றம் இல்லாத ஐந்து மாதம்

2020 மார்ச் 2ஆம் நாள் சனாதிபதி பாராளுமன்றத்தைக் கலைத்தார். மார்ச் 20ஆம் நாள் மாலை நாடெங்கும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. ஏப்ரலில் நடக்கவிருந்த தேர்தல் தள்ளிப்போய் ஓகத்து 5ஆம் நாளே நடைபெற்றது. கலைத்த பாராளுமன்றத்தை நெருக்கடி முன்னிட்டு மீண்டும் கூட்டுமாறு எதிர்க்கட்சிகள் வேண்டின. அரசாங்கம் மறுத்தது. உயர் நீதிமன்றம் சென்ற மனுக்களும் யூன் மாதத் தொடக்கத்தில் தள்ளுபடியாயின. மக்கள் வரலாறு காணாத கட்டுப்பாட்டுக்குள் வாழ்ந்த அந்த ஐந்து மாதங்களிலும், அவர்கள் சார்பில் கேள்வி கேட்க ஒரு சபை இருக்கவில்லை.

அரசாங்கம் கையிலெடுத்த தனிமைப்படுத்தற் கட்டளைச் சட்டம் 1897ஆம் ஆண்டுக்கு உரியது. பம்பாயில் கொள்ளைநோய் பரவியதற்கு மறு ஆண்டு, வெள்ளையர் ஆட்சி இயற்றியது. ஊரடங்கு எந்தச் சட்டத்தின்கீழ், எந்த வர்த்தமானியின்படி விதிக்கப்பட்டது என்று சட்டமறிந்தோர் வினவினர். தெளிவான மறுமொழி கிட்டவில்லை. ஆனால் ஊரடங்கை மீறினர் என்று சில மாதங்களுக்குள் 60,000க்கும் மேற்பட்டோர் கைதாயினர். நோய்த்தடுப்புக்கான தேசிய செயற்பாட்டு நிலையத்தின் தலைமை வைத்தியரிடம் ஒப்படைக்கப்படவில்லை. இராணுவத் தளபதியிடம் ஒப்படைக்கப்பட்டது.

வீட்டுக்குள் இருங்கள் என்ற கட்டளையை மாதச் சம்பளம் பெறுவோர் தாங்கினர். அன்றாடம் கடலுக்குச் சென்றும், கூலிக்குச் சென்றும் அடுப்பெரிப்பவர் எவ்வாறு தாங்குவர்? ஐயாயிரம் ரூபா கொடுத்தோம் என்றனர். ஐயாயிரம் ரூபா ஒரு குடும்பத்துக்கு எத்தனை நாள்? மலையகத்திலோ நிலைமை வேறு. நாடே முடங்கியிருக்கத் தேயிலைத் தோட்டங்களில் மட்டும் வேலை நிற்கவில்லை. நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேவை. ஆகவே தொழிலாளி கொழுந்து பறிக்கவேண்டும். ஆபத்து எல்லோருக்கும் பொதுவென்றால் பாதுகாப்பும் பொதுவாயிருந்திருக்க வேண்டாமா?

அதே ஊரடங்கின் மறைவில், மார்ச் 26ஆம் நாள், இன்னொரு செயலும் நிகழ்ந்தது. மிருசுவிலில் 2000ஆம் ஆண்டு ஐந்து வயதுக் குழந்தை உட்பட எட்டுத் தமிழரைக் கொன்ற குற்றத்துக்காக 2015இல் மரணதண்டனை பெற்று, 2019இல் உயர் நீதிமன்றத்தாலும் அத்தண்டனை உறுதிசெய்யப்பட்ட இராணுவ வீரனுக்குச் சனாதிபதி மன்னிப்பளித்தார். தெருவில் இறங்கி ஆட்சேபிக்க மக்களுக்கு வழியில்லை. நோய்த்தடுப்புக்கும் இம்மன்னிப்புக்கும் என்ன தொடர்பு?

எரிக்கப்பட்ட உடல்கள்

கொரோனாவால் இறந்தோரை அடக்கம் செய்யலாம், தகனமும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே அறிவித்திருந்தது. இருந்தும் ஏப்ரல் 11ஆம் நாள் வெளிவந்த வர்த்தமானி, எல்லா உடலங்களையும் எரித்தே தீரவேண்டுமென்று கட்டளையிட்டது. நிலத்தடி நீர் கெட்டுவிடும் என்பது சொல்லப்பட்ட காரணம். டிசம்பர் மாதத்தில் பிறந்து இருபது நாளேயான முஸ்லிம் குழந்தை ஒன்றும், பெற்றோர் வேண்டாமென்று கூறியும், எரிக்கப்பட்டது. பொரளைக் கனத்தை மயானத்தின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டித் தம் துயரைத் தெரிவித்தனர். உயர் நீதிமன்றமும் அம்மாதம் 1ஆம் நாள் மனுக்களை விசாரணைக்கு ஏற்காது தள்ளியது. 2021 ஜனவரியில் இலங்கை வைத்தியச் சங்கமே அடக்கம் செய்வதில் ஆபத்தில்லை எனக் கூறிற்று. அரசாங்கம் அதன் பின்னரும் அசையவில்லை. பெப்ரவரியில் பாகிஸ்தான் பிரதமர் வந்து சென்ற மறுநாட்களிலேயே வர்த்தமானி மாறியது. விஞ்ஞானம் ஒரே வாரத்தில் மாறிற்றா, இராசதந்திரம் மாறிற்றா?

மாறிய பின்னரும் அநீதி ஓயவில்லை. அடக்கத்துக்குரிய இடமாக இரணைதீவு தெரிவாயிற்று. 1992இல் அத்தீவைவிட்டு இடம்பெயர்ந்து, தொடர்ந்து போராடி 2018இல் தாமே படகேறி மீண்ட மீனவ மக்களின் மண் அது. அவர்களை எவரும் ஒரு சொல் கேட்கவில்லை. ஓர் இனத்தின் துயரைத் தீர்க்கும் சாட்டில் இன்னோர் இனத்தோடு முட்டவைக்கும் பழைய தந்திரமே இதிலும் இருந்தது. தமிழரும் முஸ்லிம்களும் அதில் விழவில்லை. பெப்ரவரி 3ஆம் நாள் பொத்துவிலில் தொடங்கிப் பொலிகண்டியில் முடிந்த பேரணியில், கட்டாயத் தகனத்தை நிறுத்தவேண்டும் என்ற கோரிக்கையைத் தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்தே எழுப்பினர். இறுதியில் ஓட்டமாவடி மக்கள் தம் நிலத்தில் இடங்கொடுத்தனர். அங்கே 3,600க்கும் மேற்பட்டோர் அடக்கஞ் செய்யப்பட்டனர். முஸ்லிம்களோடு பௌத்தரும் இந்துக்களும் கிறித்தவரும் அம்மண்ணில் உறங்குகின்றனர். 2024 யூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. அது வரவேற்கத்தக்கதே. ஆனால் எரிந்த உடல் மன்னிப்பினால் மீளுமா?

எவர் சொல் ஏறியது?

அடக்கத்துக்கு விஞ்ஞானம் பேசிய அதே அரசாங்கத்தின் சுகாதார அமைச்சர், நோய் நீங்கவென ஆற்றில் மந்திரித்த நீர்க்குடத்தை விட்டார். கேகாலையில் ஒருவர் காய்ச்சிய பாணியையும் அருந்திக் காட்டினார். அதனைப் பெற ஆயிரக்கணக்கானோர் ஒருவரையொருவர் நெருக்கி நின்றனர். 2021 ஜனவரியில் அவ்வமைச்சரையே நோய் பற்றியது. அவரை நாம் எள்ளவில்லை. மக்களுக்கு வழிகாட்ட வேண்டியவர் வழிதவறினால் எத்தனை உயிருக்குக் கேடு என்பதையே சுட்டுகின்றோம்.

அவ்வாண்டு ஓகத்தில் நாளொன்றுக்கு இருநூறுபேர்வரை மாண்டனர். நாட்டை மூடுங்கள் என்று வைத்தியர் சங்கங்கள் வாரக்கணக்கில் மன்றாடின. அரசாங்கம் செவிசாய்க்கவில்லை. மல்வத்தை, அஸ்கிரிய மகாநாயக்கர்கள் கடிதம் எழுதியபின், 20ஆம் நாள் இரவு நாடு மூடப்பட்டது. நல்ல முடிவுதான், ஆனால் வைத்தியர் சொன்னபோது அது ஏன் நல்ல முடிவாகத் தோன்றவில்லை?

வடக்கிலோ கட்டுப்பாடு பிந்தியதில்லை. 2021 மே 17ஆம் நாள், முள்ளிவாய்க்கால் நினைவுநாளுக்கு முதல்நாள் இரவு, முல்லைத்தீவு, புதுக்குடியிருப்பு, முள்ளியவளைப் பொலிசுப் பிரிவுகள் திடீரெனத் தனிமைப்படுத்தப்பட்டன. இறந்தவருக்கு ஒரு விளக்கேற்றச் சென்றோர் வழியிலேயே தடுக்கப்பட்டனர். நோய் நாட்காட்டி பார்த்தா வருகின்றது?

நாம் வேண்டுவன

நம்மிடத்தும் குறையுண்டு. நோயுற்றோரின் வீட்டை ஏதோ குற்றஞ்செய்தோர் வீடுபோல் ஒதுக்கினோம். வெளிநாட்டிலிருந்து வந்த உறவினரைக் கண்டு கதவடைத்தோம். முதல் முஸ்லிம் உடலம் எரிக்கப்பட்டபோது உரத்துப் பேசாது இருந்தோர் நம்மிலும் பலர். இதனையும் ஒப்புக்கொண்டே பிறரிடம் நியாயம் கேட்கின்றோம்.

நாம் கேட்பவை நான்கு. கொள்ளைநோய்க் காலத்தில் பாராளுமன்றம் கூடியே ஆகவேண்டும். கட்டுப்பாடு எதுவும் அதன் அங்கீகாரமின்றிக் குறித்த நாட்களுக்குமேல் நீடிக்கலாகாது. நோய்த்தடுப்பின் தலைமை வைத்தியரிடம் இருக்கவேண்டும். அவர்கள் கூறும் ஆலோசனை அன்றன்றே மக்கள்முன் வைக்கப்படவேண்டும். வேலை இழப்போருக்கு உணவும் உதவியும் கட்டளையோடு சேர்ந்தே வரவேண்டும். இறந்தோரைத் தத்தம் சமயப்படி அடக்கவோ எரிக்கவோ உள்ள உரிமை, எந்த வர்த்தமானியாலும் பறிக்கப்படலாகாது.

இவை தமிழருக்கு மட்டும் கேட்கும் சலுகைகளல்ல. சிங்களத் தொழிலாளிக்கும், முஸ்லிம் தாய்க்கும், மலையகத் தோழருக்கும் உரிய நீதி இதுவே. அடுத்த நோய் எப்போது வருமென்று நாம் அறியோம். அது வரும் வேளையில், அரசாங்கம் நம் அச்சத்தைக் கொண்டு நம்மை ஆளாதிருக்க, இன்றே குரல் கொடுப்போம்.