வயலின் பெட்டியை மூடுமுன்

(ரிவர்ஸ்டன் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



இந்த மலைக்காற்று ஒலிவாங்கியை விடாது, சுருக்கமாகவே பேசுகிறோம்.

1936இல் பம்பாயில் பிறந்த சுபின் மேத்தா, வைத்தியப் படிப்புக்கு ஆயத்தமானவர். அதை விட்டு, 18 வயதில் வியன்னாவுக்கு இசை கற்கச் சென்றார். 1958இல் லிவர்பூலில் இசைக்குழு நடத்துநர் போட்டியில் வென்றார். 26 வயதில் லொஸ் ஏஞ்சல்ஸ் பில்ஹார்மோனிக்கின் இசை இயக்குநரானார். அவருடைய தந்தை மெஹ்லியும் வயலின் கலைஞர். வீட்டில் இசை இருந்தது.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி உயர்தர உயிரியலுக்காக வயலின் பெட்டியை மூடினாள். பிறகு திறக்கவேயில்லை. "படிப்புத்தான் முதலில்" என்று நாங்களும் சொன்னோம். வைத்தியர்களானதில் எங்களுக்கு வருத்தமில்லை. அப்படிச் சொன்னதில் உண்டு.

இன்று பிள்ளைகளிடமும் அதையே சொல்கிறோம். இனிச் சொல்லுமுன், ஒருமுறை வாசிக்கச் சொல்லி, இருந்து கேட்போம்.