பிள்ளையின் முதல் ஆட்டம்



விளையாட்டு வினையாகும் என்பது நம் முன்னோர் மொழி. அம்மொழியைச் சொல்லியே பிள்ளைகளைத் திடலுக்கு அனுப்பாமல் லயத்து வாசலில் நிறுத்தி வைப்போர் நம்மிடையே உளர். வேறு சிலரோ, பிள்ளை குழுவில் சேர்ந்த முதல் நாளே வெற்றிக் கிண்ணத்தோடு வீடு திரும்ப வேண்டும் என எதிர்பார்க்கின்றனர். இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள நல்வழியைப் பற்றியே இன்று நாம் பேச விழைகின்றோம்.

எட்டு அல்லது ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்று தமிழ்ப்பள்ளிக் காற்பந்துக் குழுவில் முதன்முறையாக இடம் பெறுகிறது. முதுகில் எண் பொறித்த சட்டை அதன் முழங்கால் வரை தொங்குகிறது. அதுவரை அப்பிள்ளை பால்மரத்து நிழலில் தன் விருப்பம்போல் ஆடியது. சலித்தபோது வீட்டுக்குப் போனது. இன்றோ உடன் ஆடும் பிள்ளைகள் அதனை நம்பி நிற்கின்றனர். ஊதல் ஒலித்தால் நிற்க வேண்டும். தன் காலில் உள்ள பந்தைப் பிறருக்குக் கொடுக்க வேண்டும். 'நான்' என்றே பேசிப் பழகிய பிள்ளை, 'நாங்கள்' என்னும் சொல்லைப் பொருள் உணர்ந்து கற்கும் நாள் அதுவே.

முதல் ஆட்டத்தில் சிறு பிள்ளைகள் யாவரும் தேனீக் கூட்டம்போல் பந்தைச் சுற்றியே ஓடுவர். அது கண்டு சினத்தல் வேண்டா. தன் இடம் அறிந்து நிற்கும் திறன் வயதோடும் பயிற்சியோடும் வருவது. பந்தும் வயதுக்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும். பெரியவர்கள் ஆடும் ஐந்தாம் எண் பந்தின் எடை 410 முதல் 450 கிராம். சுற்றளவு 68 முதல் 70 சென்டிமீட்டர். எட்டு வயதுக்கு உட்பட்டோருக்கு மூன்றாம் எண் பந்தும், அதன்பின் 12 வயது வரை நான்காம் எண் பந்துமே ஏற்றவை. பெரிய பந்தைக் கொடுத்துவிட்டுப் பிள்ளையின் காலுக்கு வலுவில்லை என்று குறை கூறுதல் தகாது.

தோட்டம் ஒன்றில் நாம் கண்ட நிகழ்ச்சியை இங்குக் கூறுதல் பொருந்தும். பந்தைத் தடுக்கச் சென்ற ஒன்பது வயதுச் சிறுவன், அதனைத் தன் குழுவின் வலைக்குள்ளேயே செலுத்திவிட்டான். கோட்டுக்கு வெளியே நின்ற தந்தை, அனைவரும் கேட்க அவனை வைதார். அதன்பின் பந்து தன் பக்கம் வரும்போதெல்லாம் அவன் ஒதுங்கியே நின்றான். அடுத்த வாரப் பயிற்சிக்கும் அவன் வரவில்லை.

அந்தத் தந்தை தீயவர் அல்லர். இருள் பிரியுமுன் எழுந்து, மரம் வெட்டி, பால் சுமந்து, களைத்த உடலோடு மகனின் ஆட்டத்தைக் காண வந்தவர். அவர் வந்ததே அன்பினால்தான். ஆயினும் அவ்வன்பு மகனின் செவியை எட்டவில்லை, வசைமொழியே எட்டியது. ஆசிரியர் வீடு தேடிச் சென்று இதனை எடுத்துரைத்தபோது அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். மறு பயிற்சி நாளில் மகனைத் தம் மோட்டார் சைக்கிளில் ஏற்றித் தாமே திடலுக்குக் கொண்டுவந்து விட்டார்.

நண்பர்களே, கோல் அடிப்பவர் ஒருவராயினும் வெற்றி பதினொருவருக்கும் உரியது. 1980ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் நடந்த ஒலிம்பிக் தகுதி ஆட்டத்தில் மலேசியா தென்கொரியாவை 2-1 என்னும் கணக்கில் வென்றது. வெற்றிக் கோலை அடித்தவர் ஜேம்ஸ் வோங். அவருக்குப் பந்தை வழங்கியவர் ஹசான் சானி. சோ சின் ஆனும் சந்தோக் சிங்கும் பின்னே அரணாக நின்றனர். கோல் வாயிலைக் காத்தவர் நம் ஆர். ஆறுமுகம். அவ்வாண்டின் மாஸ்கோ ஒலிம்பிக்கை நம் நாடு புறக்கணித்ததால் அக்குழு அங்குச் செல்லவில்லை. ஆயினும் கோல் அடித்தவரை மட்டுமன்றி, தடுத்தவரையும் கொடுத்தவரையும் நாட்டு மக்கள் இன்றளவும் நினைவில் வைத்துள்ளனர்.

ஆதலின் பெற்றோர்க்கு நாம் கூற விரும்புவன சில. ஆட்டம் முடிந்து வரும் பிள்ளையிடம், "வென்றாயா?" என்று முதலில் கேளாதீர்கள். "யாருக்குப் பந்து கொடுத்தாய்? உனக்கு யார் கொடுத்தார்?" என்று கேளுங்கள். ஆடும் முறையைக் கற்பிப்பதை ஆசிரியரிடம் விட்டு, நீங்கள் கைதட்டுங்கள். ஒரு புட்டியில் குடிநீர் கொடுத்து அனுப்புங்கள். நம் நாட்டு வெயிலில் அது மிகவும் தேவை. மாற்று ஆட்டக்காரனாக வெளியே அமர்ந்திருக்கும் பிள்ளையையும் பெயர் சொல்லி அழையுங்கள். அதுவும் குழுவைச் சேர்ந்த பிள்ளையே. பெண்பிள்ளைகளை அடுப்படி வேலைக்கென நிறுத்தி வைக்காதீர்கள். எழுவர் ஆடும் வலைப்பந்துக் குழுவில் அவர்களுக்கும் இடம் உண்டு.

முதல் ஆட்டத்தில் பிள்ளை தோற்கலாம், அழவும் செய்யலாம். அதனால் கேடில்லை. இரண்டாம் ஆட்டத்திற்கு அது தானே விரும்பிச் சட்டையை எடுத்து அணியுமாயின் அதுவே வெற்றி. அவ்விருப்பத்தை வளர்ப்பதும் கெடுப்பதும் கோட்டுக்கு வெளியே நிற்கும் நம்மிடமே உள்ளன.