பெறாத பிள்ளையும் பெற்ற பிள்ளையே
(ஆலயத் திருவிழாவில் ஆற்றப்பெற்ற உரை)



ஆறுமுகப் பெருமானுக்குச் சரவணப் பொய்கையில் பாலூட்டி வளர்த்தவர்கள் கார்த்திகைப் பெண்கள் அறுவர். அவர்கள் பெற்ற தாயர் அல்லர், வளர்த்த தாயர். ஆயினும் அவர்களால் கார்த்திகேயன் என்னும் பெயர் பெற்றான் கந்தன். துளசி வனத்தில் கண்டெடுத்த பெண் மகவைத் தம் மகளாகவே வளர்த்தார் பெரியாழ்வார், அம்மகவே ஆண்டாள். எட்டுக் கோணலாக உடல் வளைந்த அட்டவக்கிரர் சனக மன்னருக்கு ஞானம் உரைத்தார். எடுத்து வளர்த்தலும், உடற்குறையை இழிவாக எண்ணாமையும் நம் சமயத்திற்குப் புதியன அல்ல.

1983ஆம் ஆண்டு சென்னையில், திரையரங்கொன்றில் கைவிடப்பட்டுக் கிடந்த பச்சிளங் குழந்தையை ரிக்‌ஷாத் தொழிலாளி ஒருவர் எடுத்துவந்து வித்யாகர் என்பவரிடம் ஒப்படைத்தார். அக்குழந்தையோடு தோன்றியதே ‘உதவும் கரங்கள்’ இல்லம். மனவளர்ச்சி குன்றியோர், உடற்குறையுற்றோர், எச்.ஐ.வி. தொற்றோடு பிறந்தோர் எனப் பிறர் ஏற்கத் தயங்கிய பிள்ளைகளும் பின்னர் அங்கு வந்து சேர்ந்தனர். அவர்கள் அவரைப் ‘பப்பா’ என்று அழைத்தனர். அவர் பெயரின் முதலெழுத்தே அவர்கள் பெயருக்கு முன்னெழுத்தாயிற்று. சோறிடுவது தருமம், பெயரிடுவது உறவு.

கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், முன்னாளில் பத்தாங் பெர்ஜுந்தை எனப்பட்ட பெஸ்தாரி ஜெயா ஆகிய வட்டாரத் தோட்டங்களில் எடுத்து வளர்த்த பிள்ளை என்பது அரிய செய்தி அன்று. நடக்க இயலாத பிள்ளையை, தாய் பால்மரம் சீவச் சென்றபின் ஆயாக் கொட்டகையும் அடுத்த லயத்துப் பாட்டியும் பார்த்துக்கொண்டனர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்தபோது அந்தக் கைகள் அகன்றன. பாரம் முழுவதும் ஒரு தாயின் தோள்மீது இறங்கியது.

அன்பு மட்டும் போதாது, ஆவணமும் வேண்டும். வாய்ச்சொல்லால் தத்தெடுத்த பிள்ளை பள்ளியிலும் மருத்துவமனையிலும் அடையாள அட்டை பெறும் வேளையிலும் தடுமாறி நிற்கின்றது. 1952ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டத்தின்படி, முஸ்லிம் அல்லாதார் பிள்ளையைக் குறைந்தது மூன்று மாதம் தொடர்ந்து பராமரித்தபின் நீதிமன்ற ஆணை பெறலாம். அதே ஆண்டின் தத்தெடுப்புப் பதிவுச் சட்டத்தின்படி, ஈராண்டுகள் வளர்த்தபின் தேசியப் பதிவுத் துறையில் பதியலாம். ஆயினும் வாரிசுரிமை நீதிமன்ற ஆணையாலேயே கிட்டும். வளர்த்தவர் மறைந்தபின் தனித்து வாழ இயலாத பிள்ளைக்கு அவ்வுரிமையே கூரை.

மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2008இல் இயற்றப்பட்டது. சமூகநலத் துறையில் பதிந்து அட்டை பெறலாம். 1984இல் திரெங்கானுவில் தொடங்கிய சமூக மறுவாழ்வுத் திட்டத்தின் நிலையங்கள் பிற்காலத்தில் நாடெங்கும் பரவின. உதவி இருந்தும், பிள்ளையை வீட்டுக்குள் மறைத்து வைக்கும் வழக்கம் நம்மிடையே முற்றும் ஒழியவில்லை. முன்வினைப் பயன் என்று அக்கம்பக்கத்தார் பேசும் பேச்சே அதற்குக் காரணம்.

ஆதலின் ஆலயம் செய்யத்தக்கவை மூன்று. சக்கர நாற்காலி ஏறிவரச் சாய்தளம் அமைக்க வேண்டும். பத்திரம் நிரப்ப அறியாத பெற்றோருக்கு இளைஞர் பிரிவினர் துணைநிற்க வேண்டும். மாதம் ஒருநாள், அத்தாய்மார் சற்றே இளைப்பாற மற்ற தாய்மார் முறைவைத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கந்தனுக்கும் அறுவர் தேவைப்பட்டனர். இப்பிள்ளைகளுக்கு ஒருத்தி மட்டும் போதுமோ?

அன்பர்கள் சிந்திப்பார்களாக. ஓம் சரவணபவ!